முதல் படகில் முழு வகுப்பு

பள்ளிக்கூடத்தில் உதவியாளர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். மணி அடிப்பது, வகுப்பறைகளைத் திறப்பது, சுற்றறிக்கையை வகுப்பு வகுப்பாகக் கொண்டுபோவது எல்லாம் ஒரு வாரத்தில் கைவந்துவிடும். அதை நான் எழுத வேண்டியதில்லை. ஆனால் யாரும் சொல்லாமலே உங்கள் தலையில் வந்து விழுகிற வேலை ஒன்று இருக்கிறது. பிள்ளைகளுக்கு ஆசை மூட்டுகிற வேலை. முட்டிவலி தாங்காமல் நான் விருப்ப ஓய்வு வாங்கி வந்த பிறகும், அந்த ஒன்றைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நான் பன்னிரண்டாவது வரை படித்தவள். நாலு பேர் முன்னால் நின்று பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். கடலூர் மஞ்சக்குப்பத்தில் நான் வேலை பார்த்த பெண்கள் பள்ளியில், ஆசிரியர் அறைக்குள் டீ கொண்டுபோகும்போதுகூட யாராவது நிமிர்ந்து பார்த்தால் கூசும். ஆனால் தனியாக ஒரு பிள்ளை என்னிடம் வந்தால் பேச்சு தானாக வரும். பிள்ளைகளும் அதைத் தெரிந்துவைத்திருந்தார்கள். வகுப்பில் வாயைத் திறக்காத பிள்ளைகள்தான் என்னிடம் அதிகம் வருவார்கள்.

எங்கள் பள்ளியில் ஒவ்வொரு வருடமும் தை மாதம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை முகாமுக்கு அழைத்துப்போவார்கள். சிதம்பரத்துக்குக் கிழக்கே, பிச்சாவரம் உப்பங்கழிப் பக்கம் ஒரு தோப்பில் இரண்டு ராத்திரி கூடாரம் போட்டுத் தங்குவது. பகலில் சுரபுன்னைக் காட்டுக்குள் படகு. சாயங்காலம் பிள்ளைகளே விறகு பொறுக்கி அடுப்பு மூட்டிக் கிச்சடி கிண்டுவார்கள். அது பாதி வேகாது, மீதி அடிப்பிடிக்கும். அதைத்தான் வருஷம் முழுக்கப் பேசுவார்கள்.

முகாமை நடத்தியது விளையாட்டு ஆசிரியை. எல்லாரும் அவரை பி.டி. மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். விசிலைவிடச் சத்தமாகப் பேசுவார். நல்ல மனுஷி. முகாமுக்கு ஒரு மாதம் இருக்கும்போதே மைதானத்தின் மூலையில் ஒரே ஒரு கூடாரத்தை அடித்து வைத்துவிடுவார். சாப்பாட்டு நேரத்தில் குழு குழுவாகப் போய் அதற்குள் உட்கார்ந்து சாப்பிடலாம். நாரைக் குழு, மீன்கொத்திக் குழு என்று பெயர் வேறு. யார் வாசல் பக்கம் படுப்பது, யார் குறட்டை விடுவாள் என்றெல்லாம் அந்தக் கூடாரத்துக்குள்ளேயே சண்டை முடிந்துவிடும்.

அதோடு அவர் ஒரு விதியும் வைத்திருந்தார். எட்டாம் வகுப்பில் இரண்டு பிரிவு. எந்தப் பிரிவில் ஒரு பிள்ளை விடாமல் எல்லாரும் வருகிறார்களோ, அது முழு வகுப்பு. முழு வகுப்புக்குத்தான் முதல் படகு. முதல் படகில் போகிறவர்களுக்குத்தான் கலையாத பறவைக் கூட்டம் கிடைக்கும், பின்னால் வருகிறவர்களுக்கு வெறும் எச்சம்தான் என்று சிரிக்கச் சிரிக்கச் சொல்வார். வீட்டில் விடமாட்டார்கள் என்று சுணங்குகிற பிள்ளைகளை மற்ற பிள்ளைகளே இழுத்து வந்துவிடுவார்கள். அதுதான் அவர் கணக்கு. கணக்கு பெரும்பாலும் தப்பாது.

அப்படியும் வராத ஒன்றிரண்டு பேரை என்னிடம் அனுப்புவார். "செல்வி, நான் கத்தினா பயந்துக்கும். நீ போய்ப் பேசு. நீ பேசினா ஒத்துக்குதுங்க" என்பார். நான் முகாமுக்குப் பிள்ளைகளோடு துணைக்குப் போகிறவள் என்பதால், நான் சொன்னால் நம்புவார்கள். முதல் முறை படகில் ஏறியபோது எனக்கு நாற்பது வயது. நீந்தத் தெரியாது. இரண்டு பக்கமும் மரங்கள் தண்ணீருக்குள் கால்களை ஊன்றிக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கும். அதை நான் எப்படிப் பார்த்தேனோ அப்படியே சொல்வேன். வேறு ஜோடனை எனக்குத் தெரியாது. பிள்ளைகள் கண் விரியும். எனக்கும் உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது. பள்ளியில் என்னால் மட்டும் முடிகிற காரியம் என்று ஒன்று இருந்ததல்லவா.

அந்த வருடம் பி பிரிவில் ஒரே ஒரு பெண் மட்டும் பெயர் கொடுக்கவில்லை. அவள் உண்மைப் பெயர் வேண்டாம். ரம்யா என்று வைத்துக்கொள்ளுங்கள். சிப்காட் பக்கத்து ஊரிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். ஒல்லியாக, உயரமாக, எந்நேரமும் தோளைக் குறுக்கிக்கொண்டு நடப்பாள். படிப்பில் சுமார். யார் வம்புக்கும் போகமாட்டாள். அப்படிப்பட்டவளைச் சுற்றி மொத்த வகுப்பும் நின்றது. முதல் நாள் கெஞ்சினார்கள். அடுத்த நாள் சாக்லேட் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் பேச்சு மாறியது. அவள் பக்கத்தில் உட்காருகிற பெண், நான் வராந்தாவில் போகும்போது சொல்லிக்கொண்டிருந்தாள்:

"உனக்கு என்னாடி கஷ்டம்? உன் ஒருத்தியாலதான் ஏ செக்‌ஷன்காரிங்க எங்களப் பாத்து இளிக்கிறாளுங்க. போர்வை இல்லன்னா சொல்லு, நான் எடுத்தாறேன்."

ரம்யா சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போனாள்.

பி.டி. மிஸ் என்னைக் கூப்பிட்டார். நான் போய்ப் பேசினேன். தண்ணீர்த் தொட்டி பின்னால், வகுப்பு நடக்கிற நேரத்தில், அவள் முகம் கழுவ வந்தபோது. படகைப் பற்றிச் சொன்னேன். மரங்களைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். கேட்கக் கேட்க அவள் தோள் நிமிர்ந்ததை நான் பார்த்தேன். தண்ணீரில் நண்டு தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றேன். பிறகு சட்டென்று அழுதாள். அழுதுகொண்டே சொன்னாள். ராத்திரியில் அவளுக்குப் படுக்கை நனைந்துவிடும். சின்ன வயதிலிருந்தே அப்படி. வைத்தியரிடம் காட்டியிருக்கிறார்கள், வயது ஏற ஏறச் சரியாகிவிடும் என்று சொல்லியிருக்கிறார். அதுவரை அவள் அம்மா ராத்திரியில் இரண்டு தடவை எழுப்பி அழைத்துப்போவாராம். எழுப்பினால் ஒன்றும் ஆகாது. எழுப்பாவிட்டால் அவளுக்குத் தெரியாது.

எனக்கு அது பெரிய விஷயமாகவே தெரியவில்லை. இவ்வளவுதானா என்று நிம்மதியாகக்கூட இருந்தது. நான் சொன்னேன்: "நான்தான வரப்போறேன். என் பக்கத்துல படுத்துக்கோ. உங்கம்மா மாதிரியே ரெண்டு தடவ எழுப்புறேன். யாருக்கும் தெரியாது."

"மிஸ்ஸுக்கு?"

"மிஸ்ஸுக்கும் தெரியாது."

மறுநாள் அவள் பெயர் கொடுத்தாள். பி பிரிவு முழு வகுப்பாயிற்று. அன்று அவர்கள் போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பு டீச்சர் வந்து கதவைச் சாத்திவிட்டுப் போனார். ரம்யாவைத் தூக்காத குறை. அதன் பிறகு அந்தப் பெண் வேறு ஆளாகிவிட்டாள். சாப்பாட்டு நேரத்தில் கூடாரத்துக்கு முதலில் ஓடுகிறவள் அவள்தான். கூடாரக் கயிறு முடிச்சை அவள்தான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள். வராந்தாவில் என்னைத் தாண்டிப் போகும்போது வெறுமனே சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் இருப்பது என்னவென்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

முகாமுக்கு முந்தின நாள் மத்தியானம் தலைமையாசிரியை சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் எங்கள் பள்ளியில் ஏதோ அரசுத் தேர்வுக்கு மையம் போட்டிருந்தார்கள். இன்னொரு உதவியாளர் வீட்டில் சாவு, அவர் ஊருக்குப் போய்விட்டார். அறைகளைத் திறக்கவும் மணி அடிக்கவும் ஆள் வேண்டும். ஆகவே நான் முகாமுக்குப் போக வேண்டாம், புதிதாகச் சேர்ந்த ஒரு டீச்சர் துணைக்குப் போவார் என்றார்.

நான் அங்கேயே நின்றேன்.

"என்ன செல்வி?"

"சிஸ்டர், நான் வரேன்னு பிள்ளைங்ககிட்ட சொல்லிட்டேன்."

அவர் சிரித்தார். "அதுங்க படகைப் பாத்ததும் உன்னை மறந்துடும். போ."

வேறு காரணம் இருந்தால் சொல் என்று அவர் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியாது. அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மேசைக்கு இந்தப் பக்கம் நிற்கிறவர்களுக்குக் காரணம் கேட்கப்படுவதில்லை என்பது நீங்களும் போகப் போகத் தெரிந்துகொள்வீர்கள்.

கடைசி மணி அடித்த பிறகு ரம்யாவைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவள் முகம் வெளுத்துப்போயிற்று. நான் அவளிடம் கெஞ்சினேன். பி.டி. மிஸ்ஸிடம் மட்டும் சொல்கிறேன், அவர் எழுப்பிவிடுவார் என்றேன்.

"வேணாங்க்கா. அவுங்க குரலே மைக்கு மாதிரி. எழுப்புனா எல்லாரும் எழுந்துப்பாங்க. நீங்க சொன்னீங்கன்னா நான் இனிமே ஸ்கூலுக்கே வரமாட்டேன்."

"அப்ப போவாத. ஜுரம்னு நான் சொல்லிக்கிறேன்."

அவள் மைதானத்துப் பக்கம் பார்த்தாள். கூடாரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் வகுப்புப் பிள்ளைகள் துணியின் நாலு முனையைப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார்கள்.

"நான் வரலன்னா முழு வகுப்பு போயிடும்க்கா. கொன்னுடுவாளுங்க." கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தாள். பிறகு நிமிர்ந்து, தீர்மானமாகச் சொன்னாள்: "நான் தூங்காம இருந்துக்கறேன். ரெண்டு ராத்திரிதான."

இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். அவசரப்பட வேண்டாம். அவள் சொன்ன ரகசியத்தை இன்னொருவரிடம் சொல்வதா? பெயர் கொடுத்த பிள்ளையைக் கையைப் பிடித்து நிறுத்துவதா? அவள் வீட்டுக்கு போன் போட்டு அம்மாவிடம் சொல்வதா? போட்டால் அவர் மகளை அனுப்பமாட்டார். அனுப்பாவிட்டால் அந்த வகுப்பு அவளை மீதி வருஷம் என்ன பாடு படுத்தும் என்று நான் கண்ணால் பார்த்திருந்தேன். எந்தப் பக்கம் போனாலும் அந்தப் பிள்ளையை நான் தள்ளிவிட வேண்டியிருந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் அவள் போகமாட்டேன் என்று சொன்னபோது அவள் பத்திரமாக இருந்தாள். அவளுக்குத் தன் அளவு தெரிந்திருந்தது. நான்தான் போய்ப் படகைக் காட்டி, அவளை நடுத் தண்ணீரில் கொண்டுவந்து நிறுத்தினேன்.

நான் ஒன்றும் செய்யவில்லை. அதை ஒரு முடிவு என்றுகூடச் சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை காலையில் பஸ் கிளம்பியது. ஜன்னலில் அவள் கையசைத்தாள். நான் தேர்வு அறைகளுக்குப் பெஞ்சு நகர்த்தப் போனேன்.

மூன்று நாளும் பி.டி. மிஸ் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிக்கொண்டிருந்தார். முதல் படகில் பி பிரிவு. நடுவில் ரம்யா, வாயெல்லாம் பல்லாக. இன்னொரு படத்தில் கிச்சடிப் பானை முன்னால் கரண்டியோடு நிற்கிறாள். நான் படத்தைப் பெரிதாக்கி அவள் கண்ணைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. சனிக்கிழமை காலை வந்த படத்திலும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைப் படத்தைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. ஜெயித்துவிட்டாள் என்று நினைத்தேன். மாதா கோயிலுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றலாம் என்றுகூட நினைத்தேன்.

ஞாயிறு சாயங்காலம் பஸ் வந்தது. வாசலில் அம்மா அப்பாக்கள் வண்டியோடு நின்றார்கள். வழக்கமாக முகாம் பஸ் பாட்டுச் சத்தத்தோடு வரும். அன்றைக்குப் பாட்டு இல்லை. பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். சிலர் ஒருவரை ஒருவர் கிள்ளிக்கொண்டார்கள். சிலர் தரையைப் பார்த்தபடி போனார்கள். பி.டி. மிஸ் இறங்கி நேராக என்னிடம் வந்தார். அவர் குரலை அவ்வளவு தாழ்த்தி நான் கேட்டதே இல்லை.

"செல்வி, அந்தப் பொண்ணு எறங்க மாட்டேங்குது. நீ கொஞ்சம் உள்ள போ."

திரும்பி வரும் வழியில், புதுச்சத்திரம் தாண்டும்போது நடந்திருக்கிறது. இரண்டு ராத்திரி கண் மூடாத பிள்ளை. பஸ் ஆட்டத்தில், பக்கத்தில் இருந்தவள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். தோள் கொடுத்தவள் கெட்டவள் இல்லை. போர்வை கொண்டுவருகிறேன் என்று சொன்னாளே, அதே பெண்தான். சீட்டு ஈரமானதும் என்னவென்று புரியாமல் எழுந்து, யாரோ தண்ணீர் பாட்டிலைச் சாய்த்துவிட்டார்கள் என்று சத்தமாகச் சொல்லியிருக்கிறாள். எல்லாரும் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். அப்போதும் ரம்யா எழவில்லையாம். அவ்வளவு தூக்கம். அவள் கண் விழித்தபோது மொத்த பஸ்ஸும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. யாரோ ஒருத்தி சிரித்துவிட்டாள். ஒருத்திதான் சிரித்தாள் என்று பி.டி. மிஸ் என்னிடம் பலமுறை சொன்னார். அது ஏதோ ஆறுதல் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

நான் பஸ்ஸுக்குள் போனேன். மடியில் பையை வைத்து அணைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் பேச்சுதான் அவளை அங்கே உட்கார வைத்திருந்தது.

அவள் என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "ரெண்டு ராத்திரியும் தூங்கலக்கா. முகாம்ல ஒண்ணுமே ஆவல."

எல்லாரும் போன பிறகு, ஒரு துண்டைச் சுற்றி அவளை இறக்கினேன். அவள் அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தார். மகளைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். அவளைக் கையோடு அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்கே பி.டி. மிஸ்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே செல்வி. நானும் ரெண்டு புள்ள வளத்தவதான. மெதுவா எழுப்ப எனக்குத் தெரியாதா?"

தெரிந்திருக்கும். இப்போது நம்புகிறேன். அந்த மனுஷியின் சத்தத்தை மட்டும் நாங்கள் இருவரும் கேட்டிருந்தோம். ரகசியம் காப்பது நல்ல குணம் என்று நமக்குச் சொல்லித்தந்திருக்கிறார்கள். ஒரு பிள்ளையின் மானத்தைக் காப்பாற்ற ஒருவரிடமாவது அதை உடைத்தாக வேண்டிய நேரம் வரும். அந்த நேரம் தப்பினால் அது எல்லாருக்கும் உடைந்துபோகும். நான் உங்களுக்குச் சொல்ல முடிகிற புத்தி இவ்வளவுதான். இதைக்கூட அப்போது யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் கேட்டிருப்பேனா என்று தெரியாது. அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

இன்னொன்றும் உண்டு. ஆசை மூட்டுவது நம் கையில் இருக்கிறது. அதற்குப் பிறகு யார் போவது, யார் நிற்பது, யார் பக்கத்தில் யார் படுப்பது என்பதெல்லாம் நம் கையில் இல்லை. 'நான் வருவேன்' என்று சொல்கிற அதிகாரம் நமக்கு இல்லை. நம்மை நம்புகிற பிள்ளைகளுக்கு அது தெரியாது.

ரம்யா பிறகு பள்ளிக்கு வரவில்லை. பத்து நாள் போல கழித்து அவள் அம்மா மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தார். அலுவலகத்திலிருந்து வாசல்வரை நான் கூடவே நடந்தேன். திட்டுவார், திட்டட்டும் என்றுதான் நடந்தேன். அவர் திட்டவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "போறதுக்கு முன்னாடி மூணு வாரமா வீட்ல வேற பேச்சே இல்லீங்க. மரம் தண்ணில கால வெச்சிகினு நிக்கும்மான்னு அவங்கப்பாகிட்ட சொல்லிக்கினே இருந்தா. அவ அப்பிடிப் பேசி நாங்க பாத்ததே இல்ல. அதான் விட்டுட்டோம்." புதுப் பள்ளியில் யாரோடும் பேசுவதில்லை என்றும் சொன்னார்.

அடுத்த வருடம் பி.டி. மிஸ் அந்த விதியை எடுத்துவிட்டார். இரண்டு பிரிவும் கலந்து போகும், படகுக்குச் சீட்டுக் குலுக்கல் என்று அறிவித்தார். பிள்ளைகள் ஒத்துக்கொள்ளவில்லை. முழு வகுப்பு என்றால் என்னவென்று மேல் வகுப்புப் பெண்கள் சொல்லக் கேட்டுத்தான் வளர்ந்திருந்தார்கள். யார் வருகிறார்கள், யார் வரவில்லை என்று அவர்களாகவே எண்ண ஆரம்பித்தார்கள்.

ஒரு நாள் ஏ பிரிவுத் தலைவி என்னைத் தேடி வந்தாள். சுறுசுறுப்பான பெண். மூச்சிரைக்கச் சொன்னாள்: "அக்கா, எங்க கிளாஸ்ல ஒரே ஒருத்திதான் வரலன்றா. காரணம் கேட்டா அழுவுறா. நீங்க பேசுனா யாரா இருந்தாலும் வந்துடுவாங்கன்னு சொன்னாங்க. வாங்கக்கா, அதோ நிக்கிறா."

கை காட்டிய பக்கம் பார்த்தேன். வராந்தாத் தூணோடு ஒட்டிக்கொண்டு ஒரு குட்டையான பெண், சீருடையின் நுனியை முறுக்கியபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வந்து கேட்பேன் என்று அவளுக்கும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் போகாமல் மாடிப்படி ஏறினேன். அவளுக்கு என்ன கஷ்டமோ எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் என்னிடம் சொல்லியிருப்பாள். அதனால்தான் கேட்கவில்லை.